ஒரு வாய் வெள்ளம்

மேலே ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்கிறதா என்று டாக்டரம்மா கேட்கிறார். கேட்கிறது. வாய்விட்டுச் சொல்ல வேண்டாம், மனசுக்குள் ஆமாம் என்று நினைத்தால் போதும் என்கிறார். நினைத்தாயிற்று. முதுகு சாய்வு நாற்காலியில் பட்டுக்கொண்டிருப்பது தெரிகிறதா. தெரியாமல் என்ன, ரெக்சின் சட்டையோடு ஒட்டிக்கொண்டுதானே கிடக்கிறது. ரோட்டில் வண்டிகள் போகிற சத்தம் தூரத்தில் கேட்கிறதா. கேட்கிறது தாயே, எல்லாம் கேட்கிறது, அடுத்து என்ன வரப்போகிறது என்பதும் எனக்குத் தெரியும். ரெண்டு மூன்று உண்மையைச் சொல்லி ஆளைத் தலையாட்ட வைத்துவிட்டு, ஆடுகிற தலை நிற்பதற்குள் நம் சரக்கை உள்ளே தள்ளிவிட வேண்டும். இன்சூரன்ஸ் ஏஜெண்டாக ஆயுசு முழுக்க நான் செய்ததே அதுதானே. வெலவாசி ஏறிக்கிட்டுத்தான சார் இருக்கு? ஆமா. பிள்ளைங்க வளந்துக்கிட்டுத்தான இருக்காங்க? ஆமா. மனுச உசுரு நம்ம கையில இல்லையில்ல? ஆமா. அப்ப இந்த இடத்துல ஒரு கையெழுத்து. நாலாவதுக்கு எவனும் யோசித்ததில்லை, பேனா தானாக ஓடும். சினிமாவில் இந்த ஹிப்னாடிசத்துக்குக் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு சங்கிலியை ஆட்டுவார்கள். இந்த டாக்டரம்மா எதையும் ஆட்டவில்லை, கையை மடியில் வைத்துக்கொண்டு தாலாட்டுக்கும் வாய்ப்பாட்டுக்கும் நடுவான ஒரு குரலில் பேசிக்கொண்டிருக்கிறார். உங்கள் கண்ணிமை கனக்கிறது என்கிறார். வந்துவிட்டது சரக்கு. கொல்லன் தெருவில் ஊசி விற்கிறார் பாவம். ஆனாலும் கண்ணை மூடிக்கொள்கிறேன். கனத்ததால் அல்ல, சின்னப் பெண் கஷ்டப்பட்டுச் சொல்லும்போது மூடாமல் இருந்தால் மரியாதையாக இராது. அதோடு, மூடினால் நல்லதுதான், தொண்டைக்கு ஏதாவது வழி பிறந்தால் சரி.

தொண்டைக்கு வழி பிறக்காவிட்டால் வியாழக்கிழமை என் வயிற்றில் ஓட்டை போட்டுக் குழாய் செருகிவிடுவார்கள். அதை நினைக்கக் கூடாது என்றுதான் நினைக்கிறேன், நினைக்கக் கூடாது என்று நினைப்பதும் நினைப்புத்தான். வாய்வழியாகக் கேமராவை விட்டுப் பார்த்த பெரிய டாக்டர், ரோடு நல்லா இருக்கு சிகாமணி சார், போக்குவரத்துதான் இல்லை என்று சிரித்தார். அவருக்குச் சிரிப்பு. சோறு வாய்வரை போகிறது, மெல்லவும் முடிகிறது, நாக்குக்குப் பின்னால் தள்ளும்போது தொண்டை கதவைச் சாத்திக்கொள்கிறது. மோரும் இளநீரும் சொட்டுச் சொட்டாய்க் கசிந்து இறங்கும், அதுவும் அழுதுகொண்டே. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாய் இருக்கிறது, வாயால்தான் பிழைத்தேன், இப்போது அந்த வாயைச் சும்மா வைத்துவிட்டு வயிற்றுக்கு நேராகக் கரைசலை ஊற்றப்போகிறார்கள், காருக்குப் பெட்ரோல் ஊற்றுகிற மாதிரி. பக்கத்தில்தான் சுபாஷினி உட்கார்ந்திருக்கிறாள், என் மகள், எவர்சில்வர் தூக்கில் நொய்க்கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு. அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது. அவள் அம்மா போன நாளிலிருந்து அவள் மூச்சில் ஒரு சின்ன விக்கல் இருக்கிறது, அது அவளுக்கே தெரியாது. முதல் தடவை இங்கே வந்தபோது டாக்டரம்மா, வெள்ளம் குடிக்கியளா சார் என்றார். நான் முழித்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஐயோ, தண்ணி தண்ணி, எங்க மார்த்தாண்டத்துல தண்ணியத்தான் வெள்ளம்னு சொல்லுவோம், பதட்டமா இருந்தா ஊர்ப்பேச்சு வந்துரும் என்று சிரித்தார். மதுரக்காரனை வெள்ளம் குடிக்கச் சொன்னா ஆத்துலதான்ம்மா போய் விழணும் என்றேன். அன்றைக்குச் சுபாஷினிகூடச் சிரித்தாள். டாக்டரம்மா பெயர் ஹெப்சிபா. அந்தப் பெயரையாவது ஒழுங்காக முழுங்காமல் சொல்ல வருகிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

கண்ணை மூடியாயிற்று, இப்போது திறக்கலாமா என்று பார்த்தால் திறக்க மனசில்லை. முடியவில்லை என்று சொல்ல மாட்டேன். மனசில்லை. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது, இருக்கிறதா? குளிர்காலத்தில் விடிந்த பிறகும் போர்வைக்குள் கிடப்போமே, எழுந்துவிடலாம், எழுந்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டே, அதுதான். நான் மயங்கவில்லை. எல்லாம் காதில் விழுகிறது. ஒருத்தன் மேலே ஃபேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கீழே கிடக்கிறவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், அவன்தான் நான். அப்படியானால் கீழே கிடக்கிறவன் யார்? இந்திராணி இருந்தால் சொல்லியிருப்பாள், ரெண்டு பேருமே வெட்டிப்பயலுகதான் என்று. இந்த ஊரில் நான் தலையாட்ட வைக்காத ஒரே ஆள் என் பெண்டாட்டி. பழைய மிக்சியையே இன்னும் கொஞ்சநாள் ஓட்டலாம் இந்திரா என்று ஆரம்பிப்பேன். மிக்சி அரைக்குதுல்ல? அரைக்குது. சட்னி நல்லாத்தான இருக்கு? இருக்கு. அப்பறம் என்ன என்பேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, என்கிட்ட ஏஜெண்டு வேலை வேணாம், சாயங்காலம் வரும்போது மிக்சியோட வாங்க என்பாள். வருவேன். வார்த்தை அவளுக்குள் போகவே போகாது, வாசலிலேயே நிறுத்திச் செருப்பைக் கழற்றச் சொல்லிவிடுவாள். அவள் சொல்வது மட்டும் எனக்குள் நேராகப் போய் உட்கார்ந்துகொள்ளும். நீங்க சாப்பிடுங்க, நான் அப்பறமா ஒரு வாய் சாப்டுக்கிறேன். அதுதான் கடைசி. தினம் சொல்கிறதுதான், அதில் ஒன்றுமில்லை. வெண்டைக்காய் புளிக்குழம்பு. லேசா நெஞ்சக் கரிக்குது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாயை உதறிப் போட்ட சத்தம் கேட்டது. நான் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு போய்ப் பார்த்தபோது பாய் இருந்தது, அவள் இருந்தாள், ஆனால் இல்லை. அடுப்படியில் அவளுக்கான சோறு சட்டியில் இருந்தது.

உங்கள் வலது கை லேசாகிறது என்கிறார் டாக்டரம்மா. இறகு மாதிரி, பஞ்சு மாதிரி, அது தானாக மேலே எழும்புகிறது. சரி, எழும்பட்டும். இதையும் மரியாதைக்குத்தான் செய்கிறேன். பாவம், இவ்வளவு நேரம் பேசிவிட்டுக் கை அசையவே இல்லையென்றால் அந்தப் பெண்ணுக்கு எப்படி இருக்கும், நானும் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துப் பிழைத்தவன்தானே. விரல்நுனி நாற்காலிக் கையை விட்டுப் பிரிகிறது. மணிக்கட்டு. முழங்கை. போதும், இவ்வளவு போதும் என்று நிறுத்துகிறேன். நிற்கவில்லை. இறங்கு என்கிறேன். இறங்கவில்லை. யாரோ அடியில் கை கொடுத்துத் தூக்குகிற மாதிரி அது பாட்டுக்குப் போகிறது. நான் மரியாதைக்குத்தானே தூக்கினேன், தூக்கினவனுக்கு இறக்கத் தெரியாதா? ஃபேன் பக்கத்தில் இருக்கிறவன் சிரிக்கிறான், அடேய், வித்தாரக்கள்ளி விறகொடிக்கப் போன கதையாக ஆகிவிட்டதே உன் கதை என்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயமாக இருக்கிறது. என்னிடம் கையெழுத்துப் போட்டவர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ? அவர்கள் என் பேச்சை நம்பியா போட்டார்கள், இல்லை, வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடம் எப்போது கடந்துபோனது என்று தெரியாமல் போட்டார்களா? கை அந்தரத்தில் நிற்கிறது. விரல்கள் தாமாக லேசாக மடங்குகின்றன. அப்படி மடங்கச் சொல்லி டாக்டரம்மா சொல்லவில்லை. எதையோ உள்ளே பிடித்திருக்கிற மாதிரி மடங்குகின்றன. எதையோ என்ன எதையோ, எனக்குத் தெரியும் அது என்ன என்று.

பச்சரிசி. தத்தனேரி சுடுகாட்டில் வெயில் மண்டையைப் பிளந்தது. என் மச்சான் பூபாலன், இந்திராணியின் அண்ணன், அரிசித் தட்டை நீட்டிக்கொண்டு நின்றார். அதற்கு முன்னால் எல்லாரும் வரிசையாக வாய்க்கரிசி போட்டுவிட்டுப் போனார்கள், போடுகிற அரிசி அவள் உதட்டில் பட்டுக் கன்னத்தில் சரிந்து காதுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. நான் தள்ளி நின்றேன். என்னால் முடியாது என்று வீட்டிலேயே சொல்லியிருந்தேன். சண்டை வரும்போதெல்லாம், எனக்கு வாய்க்கரிசி போட்டுட்டு நிம்மதியா இருங்க என்று கத்துவாள், நானும் சரி, போட்டுர்றேன் என்று கத்துவேன், அரைமணி நேரத்தில் காபி வரும். எந்த வீட்டில் அந்தச் சொல் இல்லை? சொல்லும்போது அது வெறும் சொல். அங்கே தட்டில் அரிசியாக இருந்தது. முடியாது மச்சான் என்றேன். போடுங்க மாப்ள என்றார். குரலை உயர்த்தவில்லை. அவருக்கும் கண் சிவந்து கிடந்தது. காலைலேர்ந்து அவ சாப்பிடல. பசியோட அனுப்பாதீங்க. அவ்வளவுதான். என் கை எழுந்தது. நான் எழுப்பவில்லை, சத்தியமாக நான் எழுப்பவில்லை, இதோ இப்போது போகிறதே, இதே மாதிரி அடியில் யாரோ கை கொடுத்துத் தூக்க, அது தானாகப் போய்த் தட்டில் இறங்கி ஒரு பிடி அள்ளி அவள் வாயில் போட்டது. போட்டுவிட்டு நான் நகரவில்லை. எல்லாரும் நான் அழுகிறேன் என்று நினைத்தார்கள். நான் அழவில்லை. அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழுங்குவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பைத்தியக்காரத்தனம் என்று தெரியும், அப்போதும் தெரியும், ஃபேன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் அன்றைக்கும் எங்கேயோ ஒரு வேப்பமரத்தில் உட்கார்ந்துகொண்டு, டேய், அவள் செத்துப்போய்விட்டாள், எப்படி முழுங்குவாள் என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தான். சொன்னால்? நான் பார்த்தேன். சோற்றை வாயில் போட்டால் தொண்டை ஒருதரம் ஏறி இறங்கும். இவ்வளவு வருஷம் எதிரே உட்கார்ந்து பார்த்த தொண்டை, கழுத்துச் சங்கிலிக்கு மேலே சின்ன மச்சம் இருக்கிற தொண்டை. அது அசையவில்லை. பசியோடு அனுப்பக் கூடாது என்றாரே மச்சான், வாயில் போட்டதை முழுங்கவில்லையென்றால் பசி எப்படி ஆறும்? வெட்டியான் வந்து என் தோளைப் பிடித்து விலக்கினார்.

அன்றைக்குக் குளித்துவிட்டு வந்ததும் இலை போட்டார்கள். முதல் வாய் வைத்தேன். போகவில்லை. அழுத களைப்பு என்றார்கள். மறுநாளும் போகவில்லை. இப்போது உள்ளே நடப்பது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரிகிறது, டாக்டரம்மாவுக்கு நானே பாடம் எடுக்கலாம். மனுசன் உடைந்து கிடக்கும்போது காவல்காரன் தூங்கிப்போகிறான், அந்த நேரத்தில் எது காதில் விழுகிறதோ, எது கண்ணில் படுகிறதோ அது கேள்வி கேட்காமல் அடியில் போய்த் தங்கிவிடுகிறது. தொண்டை அசையாது என்று கண் பார்த்தது. தொண்டை அதைக் கேட்டுக்கொண்டது. என் தொண்டை. அதற்கு அவள் தொண்டை எது என் தொண்டை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அவ்வளவுதான் சங்கதி. தெரிந்துகொண்டாயிற்று. முழுங்கு பார்ப்போம்? ம்ஹும். புரிந்தவன் மேலே இருக்கிறான், முழுங்க வேண்டியவன் கீழே கிடக்கிறான், ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இத்தனை காலம் மற்றவர்கள் மனசுக்குள் என் வார்த்தையை அனுப்பி வைத்தவன், என் கழுத்துக்குள் ஒரு சாண் கீழே ஒரு வார்த்தையை அனுப்ப முடியாமல் கிடக்கிறேன். சுபாஷினி, இந்தக் கையையாவது இறக்கிவிடேன் என்று கூப்பிட நினைக்கிறேன். உதடு பிரியவில்லை.

கை மெதுவாக இறங்குகிறது, இறங்க இறங்க நீங்கள் இன்னும் ஆழமாகப் போகிறீர்கள் என்கிறார் டாக்டரம்மா. இறங்குகிறது. இப்போது மகள் ஒரு கரண்டி கஞ்சி தருவாங்க, வாங்கிக்கிடுங்க. உதட்டில் கரண்டி படுகிறது. வாய் திறக்கிறது. இளஞ்சூடு, கொஞ்சம் உப்பு, சுபாஷினி சீரகம் போட்டிருக்கிறாள். அவள் அம்மா போட மாட்டாள். நாக்கில் கஞ்சி இருக்கிறது. குழைய வேகவைத்த நொய், பல்லுக்கு வேலையே இல்லை. ஆனால் நாக்கில் கிடப்பது கஞ்சி இல்லை. ஒவ்வொன்றாகத் தனித்தனியாக, முனை குத்துகிற மாதிரி, வேகாத அரிசி. கொஞ்சம் மண். இப்போ அது தானா உள்ளே போகுது, முழுங்குங்க என்கிறார். முழுங்குகிறேன். இல்லை. கதவு சாத்திக்கொண்டது. முழுங்குங்க. தொண்டையில் ரெண்டு கையையும் வைத்து நெரிக்கிற மாதிரி இருக்கிறது. துப்பிவிடலாம், துப்ப வேண்டியதுதான், வாயைத் திறந்தால் போதும். வாய் திறக்கவில்லை. முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல், வாய் நிறைய அரிசியோடு கண்ணை மூடிப் படுத்திருக்கிறேன், இதே மாதிரி ஒருத்தி படுத்திருந்தாள். கன்னத்தில் ஏதோ வழிந்து காதுப்பக்கம் போகிறது. கஞ்சியா கண்ணீரா. சுற்றி நின்று பார்க்கிறார்கள். தொண்டை அசைகிறதா என்று பார்க்கிறார்கள். மூக்கால் இழுக்கிற மூச்சு பாதியில் நிற்கிறது. இந்திரா, இப்படித்தான் இருந்ததா? கேட்டுக்கொண்டே முழுங்க முடியாமல் கிடந்தாயா? நான் வேறு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேனே. அப்பா, அப்பா என்கிறது ஒரு குரல். டாக்டர், அப்பா மூஞ்சி ஒரு மாதிரி ஆகுது. ஒண்ணுமில்ல, நீங்க கையப் பிடிச்சுக்கிடுங்க என்று டாக்டரம்மா சொல்கிற குரலில் தாலாட்டும் இல்லை, வாய்ப்பாடும் இல்லை. அந்தப் பெண்ணும் பயந்துவிட்டது. சிகாமணி சார், பேடிக்காதீங்க, பயப்படாதீங்க, ஒண்ணுமில்ல, கொஞ்சம்போல வெள்ளம்... இன்னா பாருங்க, வெள்ளம் வருது, வாய்க்கு வெள்ளம் வருது, அதை உள்ள விடுங்க.

வெள்ளம் வருது. யாரோ கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். ஆவணி மாசம், புட்டுத் திருவிழா, ஆற்றங்கரை முழுக்கத் தலை. நானும் இந்திராணியும் கல்யாணமான புதுசில், அவள் மஞ்சள் சேலை, கையில் காகிதத்தில் மடித்த புட்டு. வைகையில் எப்போதும்போல் மணல்தான், நடுவில் நாலு எருமை. மேலே அணையைத் திறந்துவிட்டார்களாம், தண்ணி வருதாம் என்று காலையிலிருந்து பேச்சு. எங்கே வருகிறது, வெறும் பேச்சு என்று நான் சொல்கிறேன். அவள் ஒரு பிடி புட்டை அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறாள், காய்ந்த புட்டு, பேராசைப் பிடி, போட்டவள் அப்படியே நின்றுவிடுகிறாள். கண் பிதுங்குகிறது. விக்கிக்கொண்டது. உச்சந்தலையில் தட்டுகிறேன், முதுகில் தட்டுகிறேன், கையை ஆட்டுகிறாள், பேச்சு வரவில்லை. தண்ணி, தண்ணி கொடுங்கய்யா யாராவது என்று கத்துகிறேன். எல்லாரும் ஓடுகிறார்கள், யாரும் எங்களைப் பார்க்கவில்லை, எல்லாருக்கும் வெள்ளம். வெள்ளம் வருது, வெள்ளம் வருது. புதுப் பெண்டாட்டியைப் புட்டுக்குப் பறிகொடுத்தவன் என்று ஊர் சொல்லும் என்றுகூட ஒரு கிறுக்கு நினைப்பு ஓடியது. மணலில் முதலில் ஒரு ஈரக்கோடு வருகிறது. பிறகு நுரை, சருகு, ஒரு பழைய செருப்பு. கலங்கின செம்மண் தண்ணீர் அகலமாக, அவசரமே இல்லாமல், எருமைகளைச் சுற்றிக்கொண்டு வருகிறது. ஒரு அம்மாள் சொம்பை நீட்டினாள், பிடுங்கிக்கொண்டு இந்திராணியின் வாயில் சாய்க்கிறேன். பாதி சேலையில். பாதி உள்ளே. அவள் கழுத்து எனக்கு நேரே இருக்கிறது, மச்சம், புதுத் தாலி. தொண்டை ஏறுகிறது. அங்கேயே நிற்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளம் காலடிக்கு வந்துவிட்டது. தொண்டை இறங்குகிறது. பெரிதாக ஒரு மூச்சு விடுகிறாள். எறங்கிருச்சுங்க என்கிறாள், கண்ணில் தண்ணீரோடு சிரிக்கிறாள், ஏங்க, அங்க பாருங்க, வெள்ளம் வந்துருச்சு.

எறங்கிருச்சா? அப்பா, எறங்கிருச்சாப்பா? சுபாஷினியின் குரல். கண்ணைத் திறந்தேனா, தானாகத் திறந்ததா தெரியவில்லை. ஃபேன் ஓடுகிறது. பக்கத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை, வெறும் ஃபேன். முழுங்கிட்டீங்க சார், முழுங்கிட்டீங்க என்கிறார் டாக்டரம்மா, நெற்றியில் வியர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு. நான் வெள்ளம்னு சொல்லிட்டேன் பாருங்க, மாத்தணும்னு நெனைக்கிறதுக்குள்ள முழுங்கிட்டீங்க என்று சிரிக்கிறார். அவருக்கு எங்கள் ஊர் வெள்ளம் தெரியாது. சொல்லவும் வாய் வரவில்லை. நாக்கால் தேடுகிறேன். கடைவாய், ஈறு, நாக்குக்கு அடியில். ஒன்றுமில்லை. ஒரு அரிசிகூட இல்லை. உள்ளே போய்விட்டது. இத்தனை நாளும் தொண்டையை அடைத்துக்கொண்டிருந்தது எது என்று இப்போது அது இல்லாதபோதுதான் தெரிகிறது. அது இருந்த வரைக்கும் தத்தனேரியில் அந்தக் கணம் முடியவில்லை. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் இன்னும் முழுங்கவில்லை, இனிமேல்தான் முழுங்க வேண்டும், அதனால் இன்னும் இருந்தாள். இப்போது நானே முழுங்கி, அவளை அனுப்பிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டுவிட்டேன். வேண்டாம், அந்த அடைப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று அந்தப் பெண்ணிடம் எப்படிக் கேட்பது? அழுகை வந்தது, தடையில்லாமல் வந்தது, தொண்டை திறந்துதானே கிடக்கிறது. டாக்டரம்மா கொஞ்ச நேரம் அழவிட்டார். பிறகு அந்தப் பழைய குரலில், ஃபேன் சத்தம் கேக்குதா சார் என்றார், என்னை இந்த அறைக்குக் கொண்டுவருவதற்காக. ஆமாம். முதுகு நாற்காலியில் படுவது தெரிகிறதா. ஆமாம். ரெண்டு உண்மை சொல்லிவிட்டால் அடுத்து வருவது சரக்கு, அது பொய்யாகத்தான் இருக்கும், எங்கள் தொழில் முறை அதுதான். நான் காத்திருந்தேன். டாக்டரம்மா கஞ்சித் தூக்கைச் சுபாஷினி பக்கம் நகர்த்தி வைத்தார். சுபாஷினிதான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, பசிக்குதாப்பா என்று கேட்டாள். பொய்யாக இருந்துவிடக் கூடாதா என்று வயிற்றில் கையை வைத்துப் பார்த்தேன். ஆமாம்மா, பசிக்குது என்றேன்.